திருகோணமலையில் ஊர் நாடக மன்றம் ஒன்றைப் பதிவு செய்வது: யாப்பிலிருந்து வரிக்கோப்பு வரை

எங்கள் முதல் நாடகக் குழுவின் மத்தளம் இன்றைக்கும் உவர்மலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. பொருளாளராக இருந்த அண்ணன் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வங்கியில் கிடந்த காசைக்கூட ஆறு மாதத்துக்குள் எண்ணி அனுப்பிவிட்டார். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தது, மத்தளம் அவர் வீட்டில் இருந்தது, உடுப்புப் பெட்டி அவர் கட்டிலுக்கு அடியில், நாடகக் கொப்பிகள் அவர் அலுமாரியில். நாங்கள் பதினைந்து பேர் வெளியில் நின்றோம். எங்களுக்கென்று ஒரு குழு இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அத்தாட்சி இல்லை. அதன்பிறகு இரண்டு வருடம் ஒத்திகை நடக்கவில்லை.

இரண்டாம் தடவை பதிவு செய்துதான் தொடங்கினோம். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன். திருமலை நகரம், உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சம்பூர் எங்கேயானாலும் நாடகமோ கூத்தோ செய்ய ஆசைப்பட்டு, அதை இலாப நோக்கில்லாத மன்றமாக நடத்த நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தை அகற்றிவிட வேண்டும்

இந்த விஷயத்தை இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்காவின் 501(சி)(3). அங்கே மாநிலத்தில் ஒரு கூட்டுத்தாபனமாகப் பதிந்துகொண்டு, மத்திய இறைவரிச் சேவைக்கு 1023 என்ற படிவத்தை அனுப்புவார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மன்றத்துக்கு வருமான வரி விலக்கு, காசு கொடுத்தவருக்கும் வரிக் கழிவு. அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே அப்படி எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிற ஒரு படிவம் கிடையாது.

இலங்கையில் பதிவு ஒரு அலுவலகத்தில், வரி இன்னோர் அலுவலகத்தில். பிரதேச செயலகமோ கம்பனிகள் பதிவாளரோ உங்களுக்குச் சான்றிதழ் தந்தால் நீங்கள் சட்டப்படி ஒரு அமைப்பு ஆகிறீர்கள், அவ்வளவுதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு 'உங்களுக்கு வரி இல்லை' என்று சொல்லிவிடாது. 'நாங்கள் இலாபம் எடுக்காத சங்கம், எங்களுக்கு ஏன் வரி?' என்று பல வருடம் கோப்பே திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு அல்லற்படுகிற மன்றங்கள் உண்டு. இந்த இரண்டையும் தனித்தனி வேலையாகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு நாடகம் போடுங்கள்

பதிவுக்கு முன்னால் ஒரு மேடையேற்றம் நடக்கட்டும். சிறியதாக இருந்தாலும் போதும். கோயில் திருவிழா இரவில் அரை மணி நேர நாடகம், பள்ளிக்கூட மண்டபத்தில் ஓரங்கம், வாசிகசாலை முற்றத்தில் ஒரு கூத்தின் சில காட்சிகள். யார் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருகிறார், யார் கதிரை அடுக்குகிறார், யார் காசை எண்ணி எழுதுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். மன்றத்தின் செயலாளரும் பொருளாளரும் அந்த மூன்றாவது வகை ஆட்களில் இருந்து வரவேண்டும். நன்றாக நடிப்பவரைத் தலைவராக்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். அவர் நடிக்கட்டும். கோப்பு வைத்திருக்கப் பொறுமையுள்ள ஒரு அக்காவைத் தேடுங்கள்.

அந்த முதல் நாடகத்திலேயே ஒரு வரவு செலவுக் கொப்பி தொடங்கிவிடுங்கள். பெரிய மன்றம் போல வேண்டாம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு தராத இடங்கள் இருக்கும். மேடைக்குக் கிடுகு தந்தவர், மூன்று சக்கர வண்டிக்காரர், தேநீர்க் கடை. அவர்களிடம் ஒரு வவுச்சரில் பெயர், தொகை, திகதி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பின்னால் பதிவுக்குப் போகும்போது 'இதுவரை என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால், இந்தக் கொப்பியும் நாலு படங்களும் ஒரு அழைப்பிதழும் நீங்கள் சொல்லப்போகிற எல்லாவற்றையும்விட நன்றாகப் பேசும்.

இரண்டாம் படி: தொடக்கக் கூட்டம்

குறைந்தது பத்துப் பன்னிரண்டு பேர் கூடுங்கள். கூட்டறிக்கை எழுதுங்கள். வந்தவர் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், விலாசம், கையொப்பம். மன்றத்தின் பெயரைத் தீர்மானியுங்கள், ஆனால் அன்றைக்கே பேனர் அடிக்க வேண்டாம். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு மன்றமோ கம்பனியோ இருக்கக்கூடும். இரண்டு மூன்று மாற்றுப் பெயர்கள் கையில் இருக்கட்டும்.

எங்கள் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறோம். உறுப்பினர் பட்டியல் அந்த மாதிரியே இருந்தால் நாடகமும் வளரும், ஒரு வாசலில் தடை வந்தால் இன்னொரு வாசலில் பேச ஆளும் இருக்கும். கிண்ணியாவிலிருந்து வந்து எங்களுக்கு வெளிச்சம் போட்ட தம்பிதான் இன்றைக்கு எங்கள் உபசெயலாளர். யாப்பில், அதாவது மன்றத்தின் விதித்தொகுப்பில், இனம், மதம், பால் எதுவும் பார்க்காமல் 18 வயது நிரம்பிய எவரும் உறுப்பினராகலாம் என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். பிள்ளைகள் நடிப்பார்கள், ஆனால் வாக்குரிமை பெரியவர்களுக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தாய் அல்லது தகப்பனின் எழுத்துச் சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும். ஒத்திகை முடிந்து யார் வீட்டுக்குக் கூட்டிப்போவார் என்பதும் அந்தக் கடதாசியில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: யாப்பு

மற்ற எல்லாப் படிவங்களையும் ஒரு பின்னேரத்தில் நிரப்பிவிடலாம். யாப்புக்கு ஒரு மாதம் எடுங்கள். இன்னொரு சங்கத்தின் யாப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒரு தடவை எங்களிடம் வந்த ஒரு மாதிரி யாப்பில் 'மரணமான அங்கத்தவரின் குடும்பத்துக்கு வழங்கும் தொகை' என்று ஒரு பிரிவு இருந்தது. மரண உதவிச் சங்கத்தின் யாப்பை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

நோக்கங்கள் என்ற பிரிவை மிகக் கவனமாக எழுதுங்கள். பின்னால் எந்தச் சட்டத்தின் கீழ் பதியலாம், இறைவரித் திணைக்களம் உங்களை எந்தப் பெட்டிக்குள் போடும் என்பதெல்லாம் இந்த நாலைந்து வரியில்தான் தங்கியிருக்கிறது. 'நாடகங்கள் மேடையேற்றுதல்' என்று மட்டும் எழுதினால் அது பொழுதுபோக்குக் குழு. உண்மையில் நீங்கள் செய்யப்போவது அதைவிடப் பெரியது. அதை எழுதுங்கள். உதாரணத்துக்கு:

'திருகோணமலை மாவட்டத்தின் வடமோடி, தென்மோடிக் கூத்து மரபுகளையும் நவீன நாடகத்தையும் கற்பித்தல், ஆவணப்படுத்தல். பாடசாலை மாணவருக்கும் இளைஞருக்கும் இலவசமாக அரங்கப் பயிற்சி அளித்தல். இனங்களுக்கிடையே புரிந்துணர்வை அரங்கக் கலை மூலம் வளர்த்தல். மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோரின் பங்கேற்புக்கு வழிசெய்தல்.'

செய்ய முடியாததை எழுதவேண்டாம். ஆண்டு முடிவில் இதே வரிகளை வைத்துத்தான் உங்கள் செயற்பாட்டு அறிக்கையைப் பார்ப்பார்கள். எங்கள் முதல் வரைவில் 'கிழக்கு மாகாணம் முழுவதும்' என்றிருந்தது. ஒரு கலாசார உத்தியோகத்தர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மாகாணம் முழுக்க என்று எழுதினா அம்பாறைக்கும் போய்க் காட்டவேணும். முதல்ல உங்கட பிரிவில செய்யுங்கோ" என்றார். மாற்றிவிட்டோம்.

அடுத்து, காசும் ஆதனமும். இரண்டு வசனம் கட்டாயம் வேண்டும். ஒன்று: 'மன்றத்தின் வருமானமும் சொத்துக்களும் மன்றத்தின் நோக்கங்களுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும். எந்த உறுப்பினருக்கும் இலாபமாகவோ பங்கிலாபமாகவோ பகிரப்படமாட்டாது.' இரண்டு: 'மன்றம் கலைக்கப்பட்டால் கடன்கள் தீர்த்தபின் மீதமுள்ள சொத்து உறுப்பினரிடையே பகிரப்படாது. ஒத்த நோக்கமுள்ள இன்னோர் இலாப நோக்கற்ற அமைப்புக்குக் கையளிக்கப்படும்.' இவை இல்லாமல் இலாப நோக்கற்ற மன்றம் என்று எங்கேயும் வாதாட முடியாது.

இலாபம் பகிரக்கூடாது என்பதற்கு யாருக்கும் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று பொருள் இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் மத்தளம் அடிப்பவருக்கும் ஒப்பனை செய்பவருக்கும் செய்த வேலைக்குக் கொடுப்பனவு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நிர்வாகசபையில் இருப்பவர் பதவிக்காகச் சம்பளம் எடுக்காமலும், தன் கடையிலிருந்தோ உறவினரிடமிருந்தோ மன்றத்துக்குப் பொருள் வாங்கும்போது அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமலும் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேருங்கள்.

பிறகு, எங்கள் மத்தளத்தின் கதைக்காகவே நான் எந்த யாப்பிலும் சேர்க்கச் சொல்லும் பிரிவு: 'மன்றத்தின் உடுப்புகள், வாத்தியங்கள், ஒலி ஒளிக் கருவிகள், பிரதிகள் யாவும் பொருட்பதிவேட்டில் இலக்கமிட்டுப் பதியப்படும். எவர் பொறுப்பில் எது இருக்கிறது என்பது கையொப்பத்துடன் குறிக்கப்படும். பொறுப்பாளர் ஊரைவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் செல்வதாயின் முன்கூட்டியே கையளிக்க வேண்டும்.'

பிரதிகள் பற்றி ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு நாடகத்தின் உரிமை எழுதியவருக்கு, அவர் வாழ்நாள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டும் உண்டு. மன்றத்துக்காக யாராவது நாடகம் எழுதினால், மன்றம் அதை மேடையேற்றலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். உரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். அதில் பிடிவாதம் பிடித்து நல்ல எழுத்தாளர்களை இழந்த மன்றங்களைப் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பிரிவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நிர்வாகசபை எத்தனை பேர், எத்தனை வருடம், கூட்ட நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்), ஆண்டுப் பொதுக்கூட்டம், யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. தலைவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று போடுங்கள்.

யாப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் கொடுத்து, தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கொழும்புக்குப் போகும் கோப்புகளுக்கு ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துவைத்தால் நாட்கள் மிச்சமாகும்.

நான்காம் படி: எந்த வாசல்

நடைமுறையில் மூன்று வாசல்கள் உண்டு. பொறுப்பாட்சி உறுதி எழுதுவது, பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைப்பது என்ற வழிகளும் இருக்கின்றன. தொடங்கும் மன்றத்துக்கு அவை வேண்டாம்.

முதலாவது, கலை மன்றமாகப் பதிவது. உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். நகரமானால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், மற்றவர்களுக்கு அந்தந்தப் பிரிவு. மாகாண சபை திருகோணமலையில் இருப்பதால் மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கும் நாங்கள் பஸ் ஏறி வெளியூர் போகத் தேவையில்லை. யாப்பு, தொடக்கக் கூட்டறிக்கை, உறுப்பினர் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், செய்த நிகழ்ச்சிகளின் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இந்தப் பதிவு கிடைத்தால் பிரதேச கலாசார விழாக்கள், போட்டிகள், சிறு உதவிகளுக்கு வாசல் திறக்கும். வங்கிக் கணக்கும் திறக்கலாம். முதல் மூன்று வருடத்துக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம். 1998இல் திருத்தப்பட்டது. அரச சார்பற்ற நிறுவனங்கள் பதிவாவது இதன் கீழ்தான். ஒரு பிரிவுக்குள் வேலை செய்பவர்கள் பிரதேச செயலகம் ஊடாகவும், மாவட்டம் முழுவதும் செய்பவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஊடாகவும், பல மாவட்டங்களில் செய்பவர்கள் கொழும்பிலுள்ள தேசிய செயலகத்திலும் பதிவார்கள். வெளிநாட்டு நிறுவனங்களிடம் உதவி கேட்க நினைப்பவர்களுக்கு இது தேவைப்படும். ஆனால் சட்டத்தின் பெயரிலேயே சமூக சேவை என்றிருக்கிறது. ஏழைகள், நோயாளர், அநாதைகள், இயலாமையுள்ளோர் போன்றவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. கலையை மட்டும் நோக்கமாக எழுதிய மன்றத்துக்கு இந்த வாசல் ஒடுக்கம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடும் போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடும் நீங்கள் உண்மையாகவே அரங்க வேலை செய்பவர்களானால் தயங்காமல் போங்கள்.

மூன்றாவது, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். இதற்குப் பங்குகள் இல்லை. கம்பனி மூடப்பட்டால் ஒரு சிறு தொகை தருவேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் உறுதி தருகிறார், அவரது பொறுப்பு அந்தத் தொகையோடு முடிகிறது. குறைந்தது இரண்டு பணிப்பாளர்கள், தகுதியுள்ள கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும். தருமம், கலை போன்ற நோக்கமும், இலாபம் பகிராத ஏற்பாடும் இருந்தால் 34ஆம் பிரிவின் கீழ் பெயரில் 'வரையறுக்கப்பட்டது' என்ற சொல் இல்லாமல் இயங்க அனுமதி கேட்கலாம். கம்பனியாகிவிட்டால் மன்றம் தன் பெயரிலேயே காணி வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்காடலாம். அந்த வசதிக்கு விலை உண்டு: வருடாவருடம் கம்பனிகள் பதிவாளருக்கு அறிக்கை, கணக்காய்வு, செயலாளருக்குக் கட்டணம். சொந்த அரங்கு கட்டும் எண்ணம் வரும்போது இதற்குப் போங்கள். அதற்கு முன் போனால் நாடகத்துக்கு வரும் காசு கடதாசிக்குப் போகும்.

ஐந்தாம் படி: வங்கி

பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்குத் திறக்கும் தீர்மானத்தின் கூட்டறிக்கைப் பிரதி, கையொப்பமிடுவோரின் அடையாள அட்டைகள், ரப்பர் முத்திரை. மூன்று பேர் பெயர் கொடுத்து, பொருளாளரோடு மற்ற இருவரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்று செய்யுங்கள். கணவனும் மனைவியும் ஒரே கணக்கில் கையெழுத்திடுபவர்களாக வேண்டாம். நிர்வாகசபை மாறிய அதே கிழமையில் வங்கியிலும் பெயரை மாற்றுங்கள். பழைய தலைவர் கட்டாரில் இருக்கிறார், புதிய தலைவரின் கையெழுத்து வங்கியில் இல்லை, நாளைக்கு மேடையேற்றம் என்ற நிலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு ஒரு அம்மா தன் காப்பை அடகு வைத்தார்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் காசும் இந்தக் கணக்குக்கே வரட்டும், யாருடைய சொந்தக் கணக்குக்கும் வேண்டாம். எதற்காக அனுப்புகிறார் என்று ஒரு கடிதமோ மின்னஞ்சலோ கோப்பில் இருக்கட்டும். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கி கேள்வி கேட்கும் கடமை உள்ளது. பதில் கையில் இருந்தால் பதற்றமில்லை.

ஆறாம் படி: வரி

இதை நிதானமாக வாசியுங்கள். இப்போது நடைமுறையில் உள்ளது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. உங்கள் கணக்காண்டையும் அதற்கே பொருத்திவிடுங்கள், வேலை பாதியாகும். பதிவு முடிந்ததும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் நம்பர் எடுங்கள். வருமான வரி விவரத் திரட்டை அடுத்த நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

சட்டம் 'தரும நிறுவனம்' என்றும் 'அரச சார்பற்ற அமைப்பு' என்றும் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறது. வறுமை நீக்கம், கல்வியும் அறிவும் வளர்த்தல், சமயம் போன்ற தரும நோக்கத்துக்காக மட்டுமே இயங்குவது தரும நிறுவனம். கூத்துப் பயிற்சி, மாணவர் அரங்கு, ஆவணப்படுத்தல் என்று நோக்கத்தை எழுதச் சொன்னதன் காரணம் இங்கே விளங்கும். தரும நிறுவனம் என்பதால் வரியே இல்லை என்று எண்ண வேண்டாம். டிக்கெட் விற்ற மிச்சம், மலரில் போட்ட விளம்பரக் காசு, உடுப்பு வாடகைக்குக் கொடுத்த வரவு எல்லாம் வருமானமாகவே பார்க்கப்படும்.

அரச சார்பற்ற அமைப்பாகக் கொள்ளப்பட்டால் இன்னொரு விதி சேருகிறது. நன்கொடை, மானியம், பங்களிப்பாகக் கிடைத்த தொகையில் 3 சதவீதம் வரிக்குரிய வருமானமாகக் கருதப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்தில் 600,000 ரூபா நன்கொடை வந்தது என்று வையுங்கள். அதில் 3 சதவீதம் 18,000 ரூபா. 2022 ஒக்டோபருக்குப் பின்னான 30 சதவீத வீதத்தில் வரி 5,400 ரூபா. தாங்கமுடியாத தொகை அல்ல. ஆனால் ஐந்து வருடம் கட்டாமல் விட்டுத் தண்டமும் வட்டியும் சேர்ந்தால் ஒரு நாடகத்தின் செலவு போய்விடும்.

அப்படியானால் வரி விலக்கு எங்கே? கொடுப்பவரின் பக்கம் பார்ப்போம். அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் காசு கொடுத்தால் தனிநபர் வருடத்துக்கு 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு, கம்பனி 500,000 ரூபா அல்லது ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். ஆனால் அந்த அங்கீகாரம் நோயாளரையும் வறியோரையும் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கானது. நாடக மன்றத்துக்குக் கிடைக்காது. ஆகவே நகரத்து வர்த்தகரிடம் போய் 'எங்களுக்குத் தந்தால் உங்களுக்கு வரி குறையும்' என்று சொல்லிவிடாதீர்கள். அது பொய்யாகும், அவர் கணக்காளர் அடுத்த நாளே கண்டுபிடிப்பார். உள்ளூராட்சி மன்றத்துக்கோ அரசுக்கோ கொடுக்கும் நன்கொடைக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. பொது மண்டபத்தின் கூரை திருத்த யாராவது பெரிய தொகை தர விரும்பினால், அதை நேரடியாக மண்டபத்தின் சொந்தக்காரரான உள்ளூராட்சி மன்றத்துக்கே கொடுக்கச் சொல்லுங்கள். மழை ஒழுகாத மண்டபம் உங்களுக்கும் கிடைக்கும். மலருக்கு அவர் தரும் விளம்பரத்தை விளம்பரமாகவே எழுதி, பற்றுச்சீட்டும் அப்படியே கொடுங்கள். அது அவருக்கு வியாபாரச் செலவு.

இலண்டன், ரொறன்ரோ, சிட்னியில் இருக்கும் எங்கள் ஆட்கள் கேட்பார்கள், 'எங்களுக்கு வரிக் கழிவு கிடைக்குமா?' என்று. அது அவர்கள் நாட்டுச் சட்டம் சம்பந்தப்பட்டது. பிரித்தானியாவில் அங்குள்ள தரும அமைப்புக்குக் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அந்த அமைப்புக்குக் கூடுதலாகச் சேரும். நேரே திருமலைக் கணக்குக்கு அனுப்பினால் அது இல்லை. அங்கே பதிவான பழைய மாணவர் சங்கம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்வதே நடைமுறை வழி.

சில்லறை விஷயங்கள். வங்கி வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம் பிடிப்பார்கள், பிடித்த சான்றிதழை வாங்கிவையுங்கள். ஒரு தனிக் கலைஞருக்கோ விரிவுரையாளருக்கோ மாதத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் 5 சதவீதம் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். நிரந்தரமாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் சேமலாப நிதிக்கு மன்றம் 12, அவர் 8 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு மன்றம் 3 சதவீதம். பெறுமதி சேர் வரி பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதன் எல்லை எங்கள் அளவுக்கு மிக மேலே.

வருடத்துக்கு ஒரு தடவை பட்டயக் கணக்காளர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். வரி வீதங்கள் இந்த நாட்டில் அடிக்கடி மாறுகின்றன. நோக்கங்கள் பிரிவை யாப்பில் முடிவாக்கும் முன்னரும் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: மேடையேற்ற அனுமதிகள்

டிக்கெட் விற்றால் களியாட்ட வரி உண்டு. 1946ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதை அறவிடுவது உள்ளூராட்சி மன்றம். டிக்கெட்டுகளை அச்சடித்ததும் விற்பதற்கு முன்னால் அங்கே கொண்டுபோய் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். கல்வி, தரும நோக்கத்துக்கான நிகழ்ச்சி என்று விலக்குக் கேட்டு எழுதலாம். அந்தக் கடிதம் நிகழ்ச்சிக்குச் சில கிழமைகளுக்கு முன்னால் போகவேண்டும், பதிவுச் சான்றிதழின் பிரதியோடு.

1912ஆம் ஆண்டின் பகிரங்க ஆற்றுகைகள் பற்றிய கட்டளைச் சட்டக் காலத்திலிருந்து மேடை நாடகப் பிரதிக்கு முன் அனுமதி எடுக்கும் நடைமுறை இருக்கிறது. பிரதி முடிவானவுடனே அனுப்பிவிடுங்கள், ஒத்திகை நடக்கும்போதே அனுமதி வரட்டும். பாடசாலை மண்டபமானால் அதிபருக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைக்குப் பின் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி பாவிக்கப் பொதுவாக இடமில்லை. விடிய விடிய நடந்த கூத்துக்கு இது பெரிய அடி. எங்கள் அண்ணாவியார் முதலில் கோபப்பட்டார். பிறகு கூத்தை ஆறு மணிக்குத் தொடங்கினார், பாத்திரங்கள் களரிக்குள் வரும் வரவு ஆட்டங்களைச் சுருக்கினார், பத்து மணிக்கு மேல் மைக்கை அணைத்துவிட்டு மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரர் குரலும் மட்டும் வைத்து முடித்தார். களரியைச் சுற்றிச் சனம் நெருங்கி வந்து உட்கார்ந்தது. மைக் இல்லாத அந்தக் கடைசி முக்கால் மணி நேரம்தான் அன்றைய இரவின் உச்சம்.

திகதி குறிக்கும்போது வாடைக்காற்று மழைக் காலத்தைத் தவிருங்கள். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை திறந்த வெளியில் எதுவும் திட்டமிட வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழைப் பயம் இல்லை, ஆனால் மேடைத் திரையை இறுக்கிக் கட்டுங்கள், மைக்குக்குக் காற்றுறை போடுங்கள். நோன்பு மாதம், கோணேசர் கோயில் திருவிழா, பரீட்சைக் காலம் மூன்றையும் நாட்காட்டியில் முதலில் வட்டம் போட்டுவிட்டு மிச்ச நாளில் தேடுங்கள்.

எட்டாம் படி: ஆண்டுப் பொதுக்கூட்டம்

மார்ச்சில் கணக்கை மூடுங்கள். மே மாதத்துக்குள் கணக்காய்வு. ஜூனில் பொதுக்கூட்டம். செயற்பாட்டு அறிக்கை, கணக்கறிக்கை, தெரிவு. பதிவு செய்த அலுவலகத்துக்கு அதே மாதம் பிரதிகள். அரச நிதியிலோ வெளிநாட்டு நிதியிலோ பெருமளவு தங்கியிருக்கும் அமைப்புகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் தொடும். ஊர்க்காரர் ஒருவர் கணக்கைக் காட்டச் சொன்னால் சட்டம் பார்க்காமலே காட்டுங்கள். நாங்கள் கணக்கின் ஒரு பக்கச் சுருக்கத்தை அடுத்த நாடகத்தன்று மண்டப வாசலில் ஒட்டுகிறோம்.

பொதுக்கூட்டத்தன்று உடுப்புப் பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் திறக்கிறோம். பொருட்பதிவேட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைப்பார். 1, வில்லுடுப்பு, நீலம், ஓரத்தில் கண்ணாடி இரண்டு விழுந்திருக்கிறது. 2, முடி, பொன்னிறத் தாள் மாற்ற வேண்டும். 14, சதங்கை, ஒரு சோடி. 22, மத்தளம், புதியது, வார் தளர்வு. குறைந்தவற்றை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்வோம். கடைசியில் பெட்டியைப் பூட்டி, புதிய பொருட்காப்பாளர் கையொப்பமிட்டுத் திறப்பை வாங்குவார். மாற்றுத் திறப்பு செயலாளரிடம் போகும். பெட்டி இப்போது வாசிகசாலையின் பின்னறையில் இருக்கிறது, மூடியில் மன்றத்தின் பெயரும் பதிவு இலக்கமும் வெள்ளைப் பெயின்றில் எழுதியிருக்கிறது.